சங்கத்து வாசப்படியும் சண்டைக் கப்பலும்

"இங்க இன்னும் ரெட்டைக் குவளையே ஒழியல. இதுல ஈராக்காம், பாலஸ்தீனமாம். நமக்கெதுக்குய்யா அதெல்லாம்?"

போர் எதிர்ப்பு என்று ஒரு துண்டறிக்கையைத் தூக்கிக்கொண்டு சேரிக்குள் போனால் வந்து விழுகிற முதல் கேள்வி இதுதான். கேட்டவருக்கு 'உலகப் பார்வை இல்லை' என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிற தோழர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. போர் எதிர்ப்பு என்ற பெயரில் இங்கே நடந்ததெல்லாம் மேடையில் நடந்தது. மேடையில் உட்கார்ந்திருந்தது யார், ஜமுக்காளம் விரித்தது யார் என்பது சனங்களுக்குத் தெரியும். புறா பறக்கவிட்டவர்கள் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து நிற்கவில்லை என்பதும் தெரியும். அப்புறம் எப்படி அவன் புறாவைப் பார்த்துக் கைதட்டுவான்?

ஆனால் கேள்வி நியாயமானது என்பதால் 'நமக்கெதுக்கு' என்ற முடிவும் நியாயமாகிவிடாது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆக்கிரமிப்பு அடிமட்டத்துக் கைகளால் நடத்தப்படுகிறது. நிறுத்தப்பட்டபோதெல்லாம் அந்தக் கைகளால்தான் நிறுத்தப்பட்டிருக்கிறது. எந்தச் சங்கம் தன் வாசலில் போட்டிருந்த கோட்டை அழித்ததோ, அந்தச் சங்கத்துக்குத்தான் அது முடிந்திருக்கிறது. கோட்டை அழிக்காத சங்கங்கள் சண்டைக்குப் பல்லக்குத் தூக்கியிருக்கின்றன. ஆகவே சங்கத்துக்குள் நாம் போடுகிற சண்டை 'சாதிப் பிரச்சினை', போர் எதிர்ப்பு 'சர்வதேசப் பிரச்சினை' என்று இரண்டு பெட்டியில் போட்டுப் பூட்டுகிற வேலையை முதலில் நிறுத்துங்கள்.

2003 பிப்ரவரி 15ஆம் தேதி உலகம் பூராவும் சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ரோம், லண்டன், மாட்ரிட் என்று நகரம் நகரமாக லட்சக்கணக்கில் நடந்தார்கள். அப்படி ஒரு ஊர்வலத்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. மார்ச் 20ஆம் தேதி பாக்தாத் மேல் குண்டு விழுந்தது. நடந்தவர்களை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் ஸ்காட்லாந்தில் மதர்வெல் என்ற ஊரைச் சேர்ந்த இரண்டு ரயில் ஓட்டுநர்கள், வெடிகுண்டுச் சரக்கு ஏற்றிய வண்டியை ஓட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டே பேர். சண்டை என்பது கடைசியில் சரக்குதானே? யாரோ ஏற்ற வேண்டும், யாரோ ஓட்ட வேண்டும், யாரோ இறக்க வேண்டும். பிரதமருக்கு நடக்கிற காலைவிட நிற்கிற கைதான் பயம்.

நம் நாடாளுமன்றம் அப்போது என்ன செய்தது? 2003 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. இந்தியில் 'நிந்தா' என்று எழுதிக்கொண்டார்கள், அதாவது கண்டனம். ஆங்கிலத்துக்கு வந்தபோது அதைவிடச் சூடு குறைந்த சொல்லாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார்கள். அமெரிக்காக்காரன் இந்தி படிக்கமாட்டான் என்று நினைத்திருப்பார்கள் போல. பிறகு ஈராக்குக்குப் படை அனுப்பு என்று அவன் கேட்டபோது, மாதக்கணக்கில் யோசித்து, ஜூலை 14ஆம் தேதிதான் இல்லை என்றது வாஜ்பாய் அரசு. யோசித்த மாதங்களில் எந்த வீட்டுப் பிள்ளைகள் தராசுத் தட்டில் இருந்தார்கள் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

இனி ஈராக்குக்கு வருவோம்.

சதாம் உசேன் 1987இல் 150ஆம் எண் சட்டம் என்று ஒன்று போட்டான். அரசு நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இனிமேல் 'தொழிலாளி' இல்லை, 'அரசு அலுவலர்' என்றது அது. கேட்பதற்குப் பதவி உயர்வு மாதிரி இருக்கிறது. அலுவலருக்குச் சங்கம் எதற்கு? ஆகவே சங்கம் கிடையாது, வேலைநிறுத்தமும் கிடையாது. எண்ணெய், துறைமுகம், ரயில், மின்சாரம் எல்லாம் அரசுடையது என்பதால் ஒரே கையெழுத்தில் நாட்டின் தொழிலாளி வர்க்கமே காகிதத்தில் காணாமல் போனது. பெயரை மாற்றிவிட்டால் ஆள் இல்லாமல் போய்விடுவான் என்கிற இந்த வித்தை நமக்குப் புதிதா? 'அரிசன்' என்று நாமம் சாத்திக் காரியத்தை முடித்துக்கொண்டதைப் பார்த்தவர்கள்தானே நாம்?

2003இல் 'சனநாயகம்' கொண்டுவந்தேன் என்று பால் பிரெமர் பாக்தாதில் வந்து உட்கார்ந்தார். சதாமின் கட்சியைக் கலைத்தார், இராணுவத்தைக் கலைத்தார், பொருளாதாரச் சட்டங்களைத் தலைகீழாகப் புரட்டி அரசு நிறுவனங்களை விற்க வழி செய்தார். 150ஆம் எண் சட்டத்தை மட்டும் தொடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி அமெரிக்கச் சிப்பாய்கள் பாக்தாதில் ஈராக்கியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அலுவலகத்தில் புகுந்து எட்டுப் பேரைக் கைவிலங்கு போட்டு இழுத்துப் போனார்கள். 2006 டிசம்பர் 30ஆம் தேதி சதாமைத் தூக்கில் போட்டார்கள். அவன் போட்ட அந்தச் சட்டத்துக்குத் தூக்கு இல்லை. ஆண்டை மாறினான், அடிமைச் சீட்டு அப்படியே இருந்தது.

ஆனால் பாஸ்ராவின் எண்ணெய்த் தொழிலாளிகள் சட்டம் அனுமதிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. பிரிட்டிஷ் படை ஊருக்குள் நுழைந்த சில வாரங்களிலேயே சங்கத்தைக் கட்டிவிட்டார்கள். 2003 ஆகஸ்டில் உற்பத்தியை நிறுத்திக் காட்டினார்கள். பிரெமரின் சம்பளப் பட்டியலில் கடைசிப் படியில் இருப்பவனுக்கு மாதம் 69,000 தினார், சுமார் 40 டாலர். அதை ஏற்கமாட்டோம் என்று முட்டி, கீழ்ப்படிகளின் சம்பளத்தை உயர்த்தவைத்தார்கள். அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி முன்பு தலைவராக இருந்த ஹாலிபர்ட்டனின் கிளை நிறுவனம் கேபிஆர். அது எண்ணெய் வயலுக்குள் கால் வைக்கப் பார்த்தபோது வழியை மறித்தார்கள்.

பிறகு வந்தது எண்ணெய்ச் சட்டம். மண்ணுக்கடியில் இருப்பதை நீண்ட கால ஒப்பந்தத்தில் அந்நியக் கம்பெனிகளுக்கு வளைத்துக் கொடுக்க வழி செய்த மசோதா அது. 2007 ஜூனில் குழாய்த் தொழிலாளிகள் பாஸ்ராவில் வேலையை நிறுத்தினார்கள். கோரிக்கைப் பட்டியலில் சம்பளமும் இருந்தது, இந்தச் சட்டத்தில் எங்களைக் கேட்டுச் செய் என்பதும் இருந்தது. பிரதமர் மாலிக்கி பட்டாளத்தை அனுப்பி அவர்களைச் சுற்றி வளைத்தார். சங்கத் தலைவர்கள் பேரில் கைது வாரண்ட் போட்டார். அமெரிக்க நாடாளுமன்றமும் வெள்ளை மாளிகையும் அந்தச் சட்டத்தை நிறைவேற்று, நிறைவேற்று என்று நெருக்கிக்கொண்டிருந்த காலம். சட்டம் நிறைவேறவில்லை. கொல்லைப்புற வழியாக 2009இல் ஏலம் விட்டு ஒப்பந்தங்களைக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கம்பெனிகள் கேட்ட அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. உலகத்தின் மிகப் பெரிய இராணுவம் ஊருக்குள் உட்கார்ந்திருக்கையில், சட்டப்படி இல்லவே இல்லாத ஒரு சங்கம் அதைச் செய்தது.

இந்த இடத்தில் ஆக்கிரமிப்பின் சாதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க முகாம்களில் சமைத்தது யார், துணி துவைத்தது யார், கக்கூஸ் கழுவியது யார்? அமெரிக்கச் சிப்பாய் இல்லை. ஈராக்கியனையும் நம்பி உள்ளே விடவில்லை. 'மூன்றாம் நாட்டவர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நேபாளம், இந்தியா, வங்கதேசம், இலங்கை, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து தரகனுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். ஜோர்டானில் ஓட்டல் வேலை, குவைத்தில் டிரைவர் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் ஈராக்கில் இறக்கிவிடப்பட்டவர்கள் அதில் எத்தனையோ பேர். 2004 ஆகஸ்டில் நேபாளத்துக்காரர்கள் 12 பேர் அப்படிப் போகிற வழியில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். போர் யாருடையது, எண்ணெய் யாருடையது, செத்தவன் யார்? மேலே ஜெனரல், நடுவில் ஒப்பந்தக்காரன், அவனுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரன், அடியில் மலம் அள்ளுகிறவன். இந்த அடுக்கை நமக்கு யாரும் வகுப்பெடுத்து விளக்க வேண்டியதில்லை. "நமக்கெதுக்குய்யா" என்று கேட்ட அண்ணனுக்கு என் முதல் பதில் இது.

இரண்டாவது பதில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது.

2003 மார்ச்சில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தை நடத்துகிற ஒப்பந்தம் எஸ்எஸ்ஏ என்கிற அமெரிக்கச் சரக்கேற்றுக் கம்பெனிக்குப் போனது, 48 லட்சம் டாலருக்கு. இதே கம்பெனிக்கு ஓக்லாந்து துறைமுகத்திலும் முனையம் உண்டு. ஏப்ரல் 7ஆம் தேதி போர் எதிர்ப்பாளர்கள் அதன் வாசலில் போய் நின்றார்கள். போலீஸ் மரக்குண்டும் ரப்பர் குண்டும் சுட்டது. மறியல் செய்தவர்கள் மீது மட்டுமில்லை. வேலைக்கு வந்து, உள்ளே போவதா வேண்டாமா என்று தங்கள் சங்கத்தின் சொல்லுக்காக ஓரமாக நின்றுகொண்டிருந்த துறைமுகத் தொழிலாளிகள் ஒன்பது பேர் மீதும் குண்டு பட்டது. அங்கே ஆக்கிரமித்த துறைமுகத்துக்கும் இங்கே கூலி கொடுக்கிற துறைமுகத்துக்கும் முதலாளி ஒருவனே என்பதை, எந்த மார்க்சிய வகுப்பையும்விட அந்த மரக்குண்டு நன்றாக விளக்கியிருக்கும்.

ஐந்து வருடம் கழித்து, 2008 மே 1. ஐஎல்டபிள்யூ என்கிற அந்தத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் படையை உடனே திரும்பப் பெறு என்று சொல்லி, மேற்குக் கரையின் 29 துறைமுகங்களையும் ஒரு பகல் ஷிப்ட் முழுக்க நிறுத்தியது. நடுவர் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளிகள் ஒப்பந்த மீறல் என்று கத்தினார்கள். தொழிலாளிகள் வேலைக்கு வரவில்லை. அவ்வளவுதான். கிரேன்கள் சும்மா நின்றன. அதே நாளில் ஈராக்கில் உம் கஸ்ரிலும் கோர் அல்-சுபைரிலும் துறைமுகத் தொழிலாளிகள் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தி இவர்களுக்கு ஆதரவு சொன்னார்கள். ஆக்கிரமிக்கிற நாட்டுத் தொழிலாளியும் ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டுத் தொழிலாளியும் ஒரே நாளில் ஒரே போரை எதிர்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நம் பத்திரிகைகளில் இதற்குக் கிடைத்த இடம் எவ்வளவு? ஐபிஎல் முதல் முதலாகத் தொடங்கிய கோடை அது. இடம் எங்கே இருந்திருக்கும்?

சரி, அமெரிக்காவில் எத்தனையோ சங்கங்கள். இந்தச் சங்கம் மட்டும் ஏன் இதைச் செய்தது? இடதுசாரித் தலைமை இருந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள் நம் தோழர்கள். தலைமை இருந்தது உண்மை. கதை அங்கே முடியவில்லை.

சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் முன்பெல்லாம் விடிகாலையில் தொழிலாளிகள் கரையில் வந்து கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து நீ வா, நீ வா என்று விரலைக் காட்டி ஆள் பொறுக்குவான். அவனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்தவனுக்கு வேலை. சங்கம் பேசினவனுக்கு இல்லை. நம் ஊர் முக்கில் பண்ணையாரின் ஆள் வந்து அறுப்புக்கு ஆள் பிடித்த மாதிரியேதான். அந்தக் கூட்டத்திலும் கறுப்பருக்கு இடம் கிடைப்பது அரிது. வெள்ளைத் தொழிலாளிகளின் சங்கமும் அவர்களைச் சேர்க்கவில்லை. 1919இல் வேலைநிறுத்தம் நடந்தபோது அதை முறிக்க முதலாளிகள் கறுப்பர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பட்டினி கிடந்தவன் வந்தான். சங்கம் தோற்றது.

1934இல் மறுபடி வேலைநிறுத்தம். இப்போது ஹாரி பிரிட்ஜஸ் கறுப்பர்களின் தேவாலயங்களுக்குப் போனார். எங்களோடு நில்லுங்கள், இனி இந்தத் துறைமுகத்தில் உங்களுக்கும் சமமாக வேலை என்று கேட்டார். வென்றபோது கரையில் ஆள் பொறுக்குவது ஒழிந்தது. வேலை பிரித்துக் கொடுக்கிற கூடம் சங்கத்தின் கைக்கு வந்தது. அங்கே ஒரு விதி வைத்தார்கள்: இதுவரை யாருக்குக் குறைந்த மணி நேரம் வேலை கிடைத்திருக்கிறதோ, அவனுக்குத்தான் முதல் அழைப்பு. மேஸ்திரியின் விரல் போய்க் கணக்கு வந்தது. 1960களில் அந்தப் பத்தாம் எண் கிளையில் கறுப்பர்கள்தான் பெரும்பான்மை. 1967இல் மார்ட்டின் லூதர் கிங்கைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட கிளை அது.

1984 நவம்பரில் நெட்லாய்ட் கிம்பர்லி என்ற கப்பல் தென்னாப்பிரிக்கச் சரக்கோடு அங்கே வந்தது. லியோ ராபின்சன் என்ற கறுப்புத் தொழிலாளியும் அவருடைய தோழர்களும் முன்கூட்டியே கிளையில் பேசி வைத்திருந்தார்கள். கப்பலில் ஏறினார்கள், மற்றச் சரக்கையெல்லாம் ஒழுங்காக இறக்கினார்கள், தென்னாப்பிரிக்கச் சரக்கை மட்டும் தொடவில்லை. பதினொரு நாள். நீதிமன்றத் தடை வாங்கித்தான் அதை இறக்க முடிந்தது. 1990இல் சிறையிலிருந்து வெளியே வந்த மண்டேலா ஓக்லாந்துக்குப் போய், அரங்கம் நிறைந்த கூட்டத்தில் அந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்.

இதை நம் சென்னையோடு வைத்துப் பாருங்கள். 1921இல் பக்கிங்காம் – கர்நாடிக் மில் வேலைநிறுத்தம். இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று பெருமை பேசுகிறோமே, அந்தச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் போராட்டம். ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் அதில் நிற்கவில்லை, வேலைக்குப் போனார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1919இல் நடந்ததேதான். ஆனால் அங்கே பதினைந்து வருடம் கழித்தாவது ஒருவன் தேவாலயத்துக்குப் போய்க் கேட்டான். இங்கே புளியந்தோப்பில் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஏன் அவர்கள் நிற்கவில்லை, நின்றால் அவர்களுக்கு என்ன தருவதாகச் சங்கம் சொன்னது என்று கேட்காமலே நூறு வருடமாக நம் மேல் 'கருங்காலி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லில் கறுப்பு வந்து ஒட்டிக்கொண்டது தற்செயல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

அம்பேத்கர் 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் பேசியபோது இதைத்தான் பிட்டு வைத்தார். தீண்டத்தகாதவன் ரயில்வேயில் கடைசி வரைக்கும் தண்டவாளக் கூலிதான். போர்ட்டராகக்கூட ஆக முடியாது. ஏனென்றால் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வான். தீண்டத்தகாதவனை வீட்டுக்குள் எப்படி விடுவான்? தனியாகக் கூடினால் தொழிலாளர் ஒற்றுமை உடைகிறது என்று பழி சொன்னவர்களுக்கு, உடைப்பது நானா உன் வாசப்படியா என்று திருப்பிக் கேட்ட மாநாடு அது. பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் எதிரி என்று அவர் சொன்னதில் நம் தொழிற்சங்கத் தோழர்களுக்கு இரண்டாவது மட்டும் காதில் விழுந்தது.

அமெரிக்காவிலேயே எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். 1970 மே 8ஆம் தேதி. கென்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்களைத் தேசியக் காவல்படை சுட்டுக் கொன்று நான்கே நாள். நியூயார்க்கில் வியட்நாம் போரை எதிர்த்து நின்ற மாணவர்கள் மேல் கட்டடத் தொழிலாளிகள் இரும்புத் தொப்பியோடு பாய்ந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அடி. அந்த மாதக் கடைசியில் கட்டடத் தொழிற்சங்கத் தலைவர் பீட்டர் பிரென்னன் வெள்ளை மாளிகைக்குப் போய் நிக்சனுக்கு ஓர் இரும்புத் தொப்பியைப் பரிசாகக் கொடுத்தார். 1973இல் தொழிலாளர் துறை அமைச்சரும் ஆனார். இந்தக் கட்டடச் சங்கங்கள் எப்படிப்பட்டவை? அப்பன் மகனுக்கு, மாமன் மருமகனுக்கு என்று கைமாறுகிற உறுப்பினர் அட்டை. கறுப்பனுக்குக் கதவு சாத்தியது. அதைக் கொஞ்சம் திறக்கச் சொல்லி 1969இல் பிலடெல்பியா திட்டம் வந்தபோது எகிறிக் குதித்தவை. நம்ம பாஷையில் சொன்னால் சாதிச் சங்கம், செங்கொடி மட்டும்தான் இல்லை. கூட்டமைப்பின் உச்சியில் இருந்த ஜார்ஜ் மீனி வியட்நாம் போருக்குக் கடைசிவரை கை தூக்கினார். அதே கூட்டமைப்பு 2005இல் சிகாகோ மாநாட்டில் ஈராக்கிலிருந்து படைகளைத் திருப்பி அழை என்று தீர்மானம் போட வேண்டி வந்ததென்றால், அது கீழிருந்த கிளைகள் இரண்டு வருடம் நெருக்கியதால் வந்தது.

ஐஎல்டபிள்யூவைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அதே சங்கத்தின் போர்ட்லாந்து கிளை 1964 வரை ஒரு கறுப்பரையும் சேர்க்காமல் வெள்ளையாகவே வைத்திருந்தது. கொடி ஒன்று, வாசல் வேறு. வியட்நாம் போரை எதிர்த்துச் சீக்கிரமே தீர்மானம் போட்ட அந்தச் சங்கம், இராணுவச் சரக்கை மட்டும் போர் முடியும் வரை ஏற்றிக்கொண்டேதான் இருந்தது. சம்பளம் நல்லது, வேலை நிறைய. தீர்மானத்துக்கும் கிரேனுக்கும் நடுவே இருக்கிற தூரம் சாமானியமானது இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்கிறவர்கள் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே ஒரு காலத்தில் நின்றவர்களாகவே இருக்கிறார்கள்.

கோட்டை அழிக்காமல் கோட்டின் மேலேயே கட்டப்பட்ட சங்கம் ஒன்று உண்டு. 1920 டிசம்பரில் ஹைஃபா நகரத்தில் தொடங்கப்பட்ட ஹிஸ்தத்ருத். யூதத் தொழிலாளிகளுக்கு மட்டும். 'எபிரேய உழைப்பு' என்பது அதன் முழக்கம். அரபுக் கூலிகளை வேலைக்கு வைத்த தோட்ட முதலாளிகளின் வாசலில் மறியல் செய்தது. அதாவது முதலாளியை எதிர்த்து மறியல், சக தொழிலாளியை வெளியே தள்ளுவதற்காக! அதன் பொதுச்செயலாளராக இருந்த பென் குரியன் 1948இல் நாட்டுக்கே பிரதமர். இஸ்ரேலுக்குள் இருக்கிற அரபுக் குடிமக்களைச் சேர்த்துக்கொள்ள அதற்கு 1959 ஆனது. மேற்குக் கரையிலிருந்தும் காசாவிலிருந்தும் வேலைக்கு வந்த பாலஸ்தீனர்களின் கதை இன்னும் மோசம். 1970 முதல் அவர்கள் சம்பளத்தில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகை 'சங்கக் கட்டணம்' என்று பிடிக்கப்பட்டு ஹிஸ்தத்ருத்துக்குப் போனது. உறுப்பினராக அவர்களைச் சேர்க்கவில்லை. சந்தா மட்டும் வேண்டும், ஆள் வேண்டாம். 1995இல்தான் அதில் பாதியைப் பாலஸ்தீனச் சங்கத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். தேர்த் திருவிழாவுக்குச் சேரியில் வரி வசூல் பண்ணிவிட்டுத் தேரைச் சேரிக்குள் விடாத ஊர்க்காரனை நமக்குத் தெரியும். இப்படி ஒரு சங்கம் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் என்று யாராவது எதிர்பார்த்தால் அது யாருடைய குற்றம்?

2023 அக்டோபர் 7க்குப் பிறகு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளிகளின் வேலை அனுமதி ஒரே அடியில் போனது. கட்டடங்கள் பாதியில் நின்றன. அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவருவது? இந்தியாவோடு 2023 மே மாதமே ஒப்பந்தம் தயாராக இருந்தது. 42,000 பேர், அதில் 34,000 பேர் கட்டட வேலைக்கு. 2024 ஜனவரியில் அரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆள் எடுத்தார்கள். மாதம் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் சம்பளம் என்றதும் குளிரில் வரிசையில் நின்றார்கள். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், ஓடு பதிக்கிறவர். சண்டை நடக்கிற இடம் என்று தெரியாதா என்று கேட்ட நிருபர்களுக்கு, இங்கே பட்டினியில் சாவதற்கு அங்கே குண்டில் சாவது மேல் என்கிற பாணியில்தான் பதில் வந்தது. அந்த மார்ச்சில் லெபனான் எல்லைக்கருகே தோட்ட வேலையில் இருந்த கேரளத்துத் தொழிலாளி ஒருவர் ஏவுகணை விழுந்து செத்தார். ஈராக்குக்குப் போன நேபாளத்துக்காரனின் தம்பிகள்தான் இவர்கள். அவர்களைக் கருங்காலி என்று கூப்பிட எவனுக்கும் யோக்கியதை கிடையாது. வேலை கொடுக்காதவன் வாயை மூடிக்கொள்ளட்டும்.

மத்தியத் தொழிற்சங்கங்கள் ஆள் அனுப்பாதே என்று அறிக்கை விட்டன; நல்லது. பாலஸ்தீனத் தொழிற்சங்கங்கள் 2023 அக்டோபர் 16ஆம் தேதி உலகத் தொழிலாளிகளைக் கூப்பிட்டுக் கேட்டன: இஸ்ரேலுக்கு ஆயுதம் செய்யாதீர்கள், ஏற்றாதீர்கள். பெல்ஜியத்தின் போக்குவரத்துச் சங்கங்கள் பதில் சொன்னார்கள். பார்சிலோனாத் துறைமுகத்தார் சொன்னார்கள். 2024 பிப்ரவரி 14ஆம் தேதி நம் நாட்டுத் துறைமுக, நீர்வழித் தொழிலாளர் சம்மேளனமும் சொன்னது. 11 பெரிய துறைமுகங்களில் 3,500 உறுப்பினர்கள். ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம். இந்த நாட்டில் ஒரு சங்கம் அப்படிச் சொன்னதே பெரிது. குறைத்துப் பேச நான் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, 2024 மே மாதம், மரியான் டானிகா என்ற கப்பல் ஸ்பெயினின் கார்ட்டகேனா துறைமுகத்தில் நிற்க அனுமதி கேட்டது. ஸ்பெயின் அரசு மறுத்தது. உள்ளே சுமார் 27 டன் வெடிபொருள். போகிற இடம் ஹைஃபா. அந்த ஹைஃபாத் துறைமுகம் 2023 ஜனவரி முதல் அதானி குழுமத்தின் கையில். சரி, கப்பல் புறப்பட்ட இடம்?

சென்னை.

இதற்குச் சம்மேளனத்தின் மேல் பாய்வது சுலபம். 3,500 பேர் என்று அவர்கள் சொன்ன எண்ணையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 11 துறைமுகங்கள், 3,500 பேர். இவ்வளவு பேர்தான் இந்த நாட்டின் சரக்கைத் தூக்குகிறார்களா? சென்னையின் கன்டெய்னர் முனையம் 2001லேயே தனியாருக்குப் போயாயிற்று. காட்டுப்பள்ளி, முந்த்ரா எல்லாம் தனியார் துறைமுகம். அரசுத் துறைமுகத்துக்கு உள்ளேயும் ஒப்பந்தக்காரன் கொடுத்த பாஸோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்: கன்டெய்னருக்குக் கம்பி கட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கரியும் உரமும் கூட்டி அள்ளுகிறவர்கள், கப்பலின் அடிவயிற்றில் இறங்கிக் கழுவுகிறவர்கள். காலை ஷிப்ட்டுக்கு வடசென்னையில் துறைமுக வாசல் ஒன்றில் போய் நின்று பாருங்கள், எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று தெரியும். மேஸ்திரியின் விரல் இங்கே இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நாளைக்குப் பாஸ் உண்டா இல்லையா என்பது அந்த விரலில் இருக்கிறது. 'இதை ஏற்றமாட்டேன்' என்று அவன் எதை நம்பிச் சொல்வான்? எந்தச் சங்கத்தின் சந்தா ரசீது அவன் சட்டைப் பையில் இருக்கிறது?

நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெறப் பெற, அந்த இடத்துக்கு ஒப்பந்தக்காரன் ஆள் வருகிறான். வந்தவனைச் சேர்த்தால் கேன்டீனிலும் பதவி உயர்விலும் பங்கு கேட்பான் என்று சங்கம் தள்ளி நிற்கிறது. தள்ளி நின்றுகொண்டே ஆயுதத்தைத் தொடமாட்டோம் என்கிறது. தொடுகிற இடத்திலேயே அது இல்லை, பிறகு தொடாமல் இருப்பது எப்படி? பிரிட்ஜஸ் தேவாலயத்துக்குப் போன மாதிரி எந்தத் துறைமுகச் சங்கத் தலைவர் உறுப்பினர் படிவக் கட்டோடு வடசென்னைச் சேரிகளுக்குள் வந்தார், எந்தத் தேதியில் வந்தார் என்று கேட்கிறோம். காசா பற்றிய அடுத்த கருத்தரங்கில் கேள்வி நேரத்தில் இதையே எழுந்து கேட்கப்போகிறோம்.